பணக்கார நாட்டில் இறந்தவர்கள் யார்?

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கோபே நகரத்து நிலநடுக்கம். ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் துறைமுக நகரம் கோபே. 1995 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, விடியாத நேரம், மணி 5.46. எதிரே இருக்கும் அவாஜித் தீவின் வடமுனைக்கருகே, பூமிக்கு அடியில் பாறை பிளந்து நழுவியது. ஜப்பானிய வானிலைத் துறையின் அளவையில் அதன் வலிமை 7.3. ஊரையே புரட்டிப்போட்ட பேரதிர்வு அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. இறந்தவர்கள் 6,434 பேர். முழுதாக இடிந்த வீடுகள் ஒரு லட்சத்துக்கு மேல். பள்ளிக்கூடங்களிலும் பொதுமண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். பொருளிழப்பு ஏறத்தாழ 10 லட்சம் கோடி யென். இத்தனையும் நடந்தது ஏழை நாட்டிலா? இல்லை. அன்றைக்கு உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம் ஜப்பான். நிலநடுக்கப் பொறியியலில் உலகத்துக்கே பாடம் சொல்லிக்கொடுத்த நாடு. அப்படியானால், அங்கே இருந்த பணம் அந்த 6,434 பேரை ஏன் காக்கவில்லை? என் உரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

கோபே என்றதும் உலகம் நினைவில் வைத்திருக்கும் படம் ஒன்று உண்டு. ஹன்ஷின் விரைவுச்சாலை. கான்கிரீட் தூண்கள்மேல் உயரத்தில் ஓடிய நெடுஞ்சாலை, 600 மீட்டருக்கு மேற்பட்ட நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த படம். அது எல்லா நாளேடுகளிலும் வந்தது. சரியாக ஓராண்டுக்கு முன், 1994இல் அதே ஜனவரி 17 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கருகே நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் மேம்பாலங்கள் விழுந்தபோது, எங்கள் பாலங்கள் அப்படி விழாது என்ற பேச்சு ஜப்பானில் இருந்தது. ஓராண்டில் அந்தப் பேச்சு அடங்கியது. ஷின்கன்சென் அதிவேக ரயில்பாதையின் மேம்பாலப் பகுதிகளும் இடிந்தன. அந்தத் தடத்தில் முதல் வண்டி புறப்படுவது காலை 6 மணிக்கு. பதினான்கு நிமிடம் தள்ளி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஆனால் அன்பர்களே, நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சாலையில் இறந்தவர்கள் மிகச் சிலர். படத்தில் பெரிதாகத் தெரிந்த இடிபாடு வேறு. உயிரைக் குடித்த இடிபாடு வேறு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் சொந்தப் படுக்கையில், தம் சொந்தக் கூரைக்கு அடியில் நசுங்கியோ மூச்சுத் திணறியோ இறந்தார்கள். வீடு சரிந்த சில நிமிடங்களுக்குள்ளேயே பெரும்பாலோருக்கு உயிர் போய்விட்டது. எந்த மீட்புப் படை, எவ்வளவு விரைவாக வந்திருந்தாலும் அவர்களை எட்டியிருக்க முடியாது.

அந்த வீடுகள் எப்படிப்பட்டவை? இரண்டு தளம் கொண்ட மரவீடுகள். பல, போர் முடிந்து நகரமே சாம்பலாகக் கிடந்த காலத்தில் அவசரமாகக் கட்டியவை. மேலே கனத்த ஓடு. ஓடு நகராமலிருக்க அதற்கு அடியில் மண்பூச்சு. புயல் அடிக்கும் கடற்கரையில் கூரை பறக்காமலிருக்கப் பாரம் வேண்டும் என்பது பழைய தச்சர்களின் கணக்கு. புயலுக்கு அந்தக் கணக்கு சரி. நிலம் பக்கவாட்டில் உலுக்கும்போது அதுவே எமன். முட்டி தேய்ந்த கிழவரின் தலையில் நெல்மூட்டையை ஏற்றிவைத்து முதுகில் தள்ளினால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. கீழ்த்தளத்தில் கடைக்காகவோ வெளிச்சத்துக்காகவோ திறந்துவிட்ட முகப்பு. குறுக்குச்சட்டம் போதாத சுவர். ஈரத்தில் இற்றும் கரையான் அரித்தும் போன அடித்தூண்கள். கீழ்த்தளம் மடங்கி உட்கார, மேல்தளம் அதன்மேல் இறங்கியது. கீழ்த்தளத்தில் படுத்திருந்தவர்கள் யார்? மாடிப்படி ஏற முடியாத முதியவர்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடுதல்; கணவர் காலமான பின் பழைய வீட்டில் தனியே இருந்த பாட்டிகள் பலர் அந்தக் கணக்கில் அடக்கம். மறுபக்கம் இளைஞர்களும் இறந்தார்கள். கோபே பல்கலைக்கழகம் மட்டும் 39 மாணவர்களை இழந்தது. மலிவான வாடகைக்குப் பழைய மரவீட்டு அறைகளில் தங்கியிருந்த மாணவர்கள் அவர்களில் பலர். முதியவருக்கும் மாணவருக்கும் பொதுவாக இருந்தது என்ன? கையில் காசு குறைவு; ஆகவே வீடு பழையது.

இதற்கு நேர் எதிரான சான்றும் அதே தெருக்களில் நின்றது. 1978இல் மியாகி நிலநடுக்கம் வந்தபின், 1981இல் ஜப்பான் தன் கட்டட விதிகளைத் திருத்தியது. அந்தப் புதிய விதிப்படி எழுந்த கட்டடங்கள் கோபேயில் பெரும்பாலும் நின்றன. நகர மையத்தில் கட்டடவியலாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 1981க்கு முந்தைய கட்டடங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் இடிந்தோ பெருஞ்சேதம் அடைந்தோ கிடந்தன. பிந்தையவற்றில் பத்தில் ஒன்றுகூட இல்லை. கோபே மாநகராட்சியின் பழைய அலுவலகக் கட்டடத்தில் ஆறாவது தளம் நசுங்கியது; அதே வளாகத்தில் பின்னால் எழுந்த உயரமான புதிய கட்டடம் நின்றது. ஒரே நகரம், ஒரே அதிர்வு, ஒரே அரசு. புது விதியில் கட்டிய வீட்டுக்குக் குடிபோக வசதி இருந்தவர் பிழைத்தார். வசதி இல்லாதவர் பழைய வீட்டில் இறந்தார். இதுதான் நான் உங்கள்முன் வைக்கும் வாதம். நாட்டின் கருவூலத்தில் கிடக்கும் பணம் நிலநடுக்கத்தைத் தடுக்காது. நிலம் அதிர்வதற்கு முன்பே அந்தப் பணம் எந்த வீட்டின் சுவருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது என்பதைப் பொறுத்தே ஒருவர் பிழைப்பதும் இறப்பதும்.

இங்கே ஒரு நண்பர் எழுந்து மறுக்கலாம். ‘ஐயா, 2010இல் ஹெய்ட்டியைப் பார்க்கவில்லையா? கோபேயைப் போன்ற அளவுடைய அதிர்வுதான். அங்கே இறந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். செல்வம் காக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ நியாயமான கேள்வி. பணக்கார நாட்டில் சாவு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஏன் குறைவு என்றுதான் கேட்கிறேன். ஜப்பானில் கட்டட விதி இருந்தது; அதைக் கட்டாயப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள்; விதியறிந்த கொத்தனாரும் தச்சரும் இருந்தார்கள். அதாவது பணம் கம்பியாகவும் ஆணியாகவும் மாறியிருந்தது. மாறிய இடத்தில் உயிர் தங்கியது. ஹெய்ட்டியில் ஏறத்தாழ எங்குமே மாறவில்லை. கோபேயில் பாதி இடத்தில் மாறவில்லை. ஆகவே ஹெய்ட்டியின் எடுத்துக்காட்டு என் வாதத்தை முறிக்கவில்லை. சராசரி வருமானத்தைப் பார்த்து ஒரு நாட்டைப் பத்திரமானது என்று சொல்லிவிடலாம். ஆனால் சராசரி வீட்டில் யாரும் தூங்குவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட வீட்டில் தூங்குகிறார்கள்.

இன்னொரு மறுப்பு: ‘கோபேயில் நிலநடுக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்? எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது?’ அன்று கோபேயில் பலரும் சொன்ன சொல் இது. நிலநடுக்கம் என்றால் டோக்கியோ, ஷிசுவோக்கா பக்கம்தான் என்று நாடே நம்பியது. 1978இல் கொண்டுவந்த தனிச்சட்டமும், முன்கணிப்பு ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போயின. ஆனால் எதிர்பாராதது என்பது உண்மையா? 1974இல் கோபே மாநகராட்சியே நிலவியலாளர்களிடம் கேட்டு வாங்கிய ஓர் அறிக்கை இருக்கிறது. நகருக்கு அடியில் உயிருள்ள பிளவுகள் இருக்கின்றன, பெரும் அதிர்வு வரக்கூடும் என்று அது சொன்னது. பின்னால் நகரின் பேரிடர்த் திட்டம் எழுதியபோது எந்த அளவு அதிர்வுக்குத் தயாராவது என்ற கேள்வி எழுந்தது. ஓரிடத்தில் நிலம் எவ்வளவு கடுமையாக உலுங்குகிறது என்று காட்டும் ஜப்பானிய அளவையில் 5 என்று வைத்துக்கொண்டார்கள். 6 என்று வைத்தால் செலவு கட்டுப்படியாகாது. வந்ததோ அந்த அளவையின் உச்சமான 7. ஆகவே தெரியாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்ததைச் செலவுக் கணக்குக்குள் அடக்கிவைத்தார்கள். அதே காலத்தில் அதே நகராட்சி மலையைச் சரித்து, அந்த மண்ணைக் கடலில் கொட்டி, இரண்டு செயற்கைத் தீவுகளை எழுப்பியது. உலகம் வியந்தது. அந்தத் தீவுகளில் மண் கூழாகிப் பொங்கி, துறைமுகச் சுவர்கள் கடலை நோக்கி நகர்ந்தன. உலகின் ஆறாவது பெரிய சரக்குப்பெட்டகத் துறைமுகமாக இருந்த கோபே, சுமார் இரண்டாண்டில் பழுது பார்த்து முடித்தும் இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவில்லை. கப்பல்கள் பூசானுக்கும் காவ்சியுங்குக்கும் பழகிவிட்டன.

சரி, இடிந்தபின் என்ன நடந்தது? யார் வந்தார்கள்? தற்காப்புப் படையை அழைக்கும் அதிகாரம் மாகாண ஆளுநரிடம் இருந்தது. முறைப்படி அழைப்பு போனது காலை 10 மணிக்கு. நான்கு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது. தொலைபேசி இல்லை, சாலை இல்லை, டோக்கியோவில் பிரதமர் முராயாமாவின் அரசுக்கு நிலைமையின் அளவே நெடுநேரம் பிடிபடவில்லை. சுவிட்சர்லாந்தின் மோப்பநாய்க் குழு வருகிறேன் என்றபோது, நாய்களைத் தொற்றுநோய்த் தடுப்பு விதிப்படி அனுமதிக்கலாமா என்று கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் யமகுச்சி-குமி என்ற புகழ்பெற்ற ரௌடிக் கும்பல் தன் தலைமையகத்தின் வாசலில் உணவும் தண்ணீரும் வினியோகித்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. பசித்தவர்கள் வரிசையில் நின்றார்கள் என்பதுதான் செய்தி. இடிபாட்டில் சிக்கியவர்கள் சுமார் 35,000 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் சுமார் 27,000 பேரை வெளியே இழுத்தவர்கள் அக்கம்பக்கத்தார். காவல், தீயணைப்பு, படை எல்லாம் சேர்ந்து மீட்டது மீதியைத்தான். அவாஜித் தீவில், பிளவுக்கு மிக அருகில், ஹொகுடான் என்ற சிற்றூர் இருந்தது. அங்கே எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார் என்று அண்டை வீட்டாருக்குத் தெரியும். ஊர்த் தொண்டர் தீயணைப்புக் குழுவினர் அந்தந்த அறைக்கு நேராகவே போய்த் தோண்டினார்கள். புதைந்த ஏறத்தாழ 300 பேரை அன்றே மீட்டார்கள். அன்று மாலைக்குள் ஊரில் யாரும் காணாமல் போயிருக்கவில்லை. இறந்தவர் யார், பிழைத்தவர் யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

கோபே நகருக்குள்ளும் இப்படி ஓர் இடம் உண்டு. நகட்டா பகுதி. ரப்பர், செயற்கைத்தோல் செருப்புகள் செய்யும் சிறுபட்டறைகள், நெருங்கிய சந்துகள், கொரிய வம்சாவளியினரும், வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் ஜப்பானியரோடு கலந்து வாழ்ந்த உழைப்பாளர் குடியிருப்பு. நிலநடுக்கத்தால் எழுந்த தீ இங்கேதான் கொடுமையாக எரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை, நிலத்தடிக் குழாய்கள் உடைந்திருந்தன. தெருத்தெருவாக எரிந்து தரைமட்டமாயிற்று. ஆனால் அதே நகட்டாவில் மானோ என்ற பேட்டையில் தீ சில பத்து வீடுகளோடு நின்றது. எப்படி நின்றது? 1960களில் ஆலைப் புகையை எதிர்த்துக் கூடிப் போராடிய பேட்டை அது. அன்று தொடங்கிய கூட்டம் கலையாமல், முதியோரைப் பார்த்துக்கொள்வது, பூங்கா அமைப்பது, வீடுகளைத் திருத்துவது என்று முப்பதாண்டு நடந்துகொண்டே வந்தது. அன்று காலையில் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்று வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். அருகிலிருந்த பெல்ட் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழு பம்புடன் வந்து சேர்ந்தது. மானோவில் பணக்காரர்கள் இல்லை. ஆனால் முப்பதாண்டாகச் சேர்த்துவைத்த ஒரு முதல் இருந்தது. என் வாதத்தில் பணம் என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் இந்த மூலதனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவும் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டிய முதல்தான்.

பின்னர் மறுசீரமைப்பு. இங்கே செல்வ நாட்டின் வலிமையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மின்சாரம் ஒரு வாரத்துக்குள் திரும்பியது. ஏப்ரல் தொடக்கத்தில் ஷின்கன்சென் ஓடியது. சாய்ந்த விரைவுச்சாலை 1996 செப்டம்பரில் முழுதும் திறந்தது. நாடெங்கிலும் இருந்து ஓராண்டில் சுமார் 13 லட்சம் தொண்டர்கள் வந்தார்கள். தொண்டுழைப்பு ஜப்பானில் வேரூன்றிய ஆண்டு என்றே 1995ஐக் குறிப்பிடுகிறார்கள். இரும்பும் கான்கிரீட்டும் விரைந்தன. மனிதர்கள்? 48,300 தற்காலிக வீடுகள் எழுந்தன. முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் முன்னுரிமை, குலுக்கல் முறையில் ஒதுக்கீடு. நல்லெண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன? ஒரே சந்தில் நாற்பதாண்டு வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். மலைக்கு அப்பாலும் செயற்கைத் தீவிலும், முகமறியா முதியவர்கள் வரிசை வரிசையாக அடைந்து கிடந்தார்கள். உள்ளே ஒருவர் இறந்து, பல நாள் கழித்துக் கதவைத் திறந்து பார்க்கும் தனிமைச் சாவுகள் தொடங்கின. அந்தத் தற்காலிக வீடுகளில் மட்டும் அப்படி இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். நகட்டாவிலோ, நகராட்சி இரண்டே மாதத்தில், மக்கள் முகாம்களில் கிடக்கும்போதே, மறுகட்டமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து வானுயர் கட்டடங்களை எழுப்பியது. பழைய சிறுகடைக்காரர்கள் அவற்றின் பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் திணறினார்கள். கோபேயின் பாடத்தைப் படித்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2004இல் நீகாத்தா மாகாணத்தில் யமகோஷி என்ற மலைக்கிராமம் நிலநடுக்கத்தில் துண்டிக்கப்பட்டபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் பேரையும் வெளியேற்றினார்கள். தற்காலிக வீடுகளில் அவர்களைக் குக்கிராமம் குக்கிராமமாக, அண்டைவீட்டார் அண்டைவீட்டாராகவே இருக்கும்படி குடிவைத்தார்கள். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. கேட்டுச் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது மிகக் கடினமான மறுப்புக்கு வருகிறேன். ‘வீடு தனியார் சொத்து. அதைப் பலப்படுத்துவது உரிமையாளரின் கடமை. வரிப்பணத்தைத் தனியார் சுவரில் எப்படிப் பூசுவது?’ ஜப்பானிய அரசு அன்று இதைக் கொள்கையாகவே சொன்னது. பாலத்தைக் கட்டுவோம், துறைமுகத்தைக் கட்டுவோம், உன் வீடு உன் பாடு. எழுத்தாளர் ஓடா மகோத்தோ முதலானோர் இதை எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள். 1998இல் பாதிக்கப்பட்டோர் வாழ்வாதாரச் சட்டம் வந்தது. முதலில் உச்சவரம்பு பத்து லட்சம் யென், பின்னால் முப்பது லட்சம். கோபே மக்களுக்குச் சட்டம் முன்தேதியிட்டுப் பொருந்தவில்லை. சரி, கொள்கையை ஒதுக்கிவிட்டுக் கணக்கையே பார்ப்போம். இடிந்த வீட்டுக்காரருக்கு அரசு தற்காலிக வீடு கட்டியது, பிறகு அதை இடித்தது, பிறகு பொதுக் குடியிருப்பு கட்டியது, இடிபாட்டை அள்ளியது, காயத்துக்கு மருத்துவம் பார்த்தது. இவ்வளவும் வரிப்பணம். சரிந்த பிறகு அந்த வீட்டுக்குச் செலவழிக்கத் தயங்காத கருவூலம், சரியாமலிருக்கச் செலவழிக்க மட்டும் ஏன் கொள்கை பேச வேண்டும்? அதுவும், பழைய மரவீட்டில் சில குறுக்குச்சட்டங்களும் இணைப்புத் தகடுகளும் பொருத்த ஆகும் செலவு மேற்சொன்ன கூட்டுத்தொகையில் ஒரு சிறு பங்குதான்.

ஜப்பான் மெல்ல மெல்ல இதை ஏற்றது. 1995லேயே பழைய கட்டடங்களைப் பலப்படுத்த ஊக்குவிக்கும் சட்டம் வந்தது, மானியங்களும் வந்தன. 2005 ஜனவரியில், நாகப்பட்டினத்திலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் ஆழிப்பேரலையின் ஈரம் காயாதபோது, உலக நாடுகள் கூடிப் பேரிடர்க் குறைப்புக்கு ஒரு பத்தாண்டுத் திட்டம் வகுத்தன. கூடிய இடம் கோபே. ஆகவே அதற்கு ஹியோகோ செயல்திட்டம் என்று பெயர். அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? 2024 ஜனவரி 1, புத்தாண்டு மாலை. நோத்தோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலம் அதிர்ந்தது. சூசு, வாஜிமா என்ற சிறுநகரங்களில் மறுபடியும் அதே காட்சி. கனத்த ஓடு, பழைய மரம், மடங்கிய கீழ்த்தளம், உள்ளே முதியவர்கள். நாடு முழுவதும் எடுத்தால் பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் புதிய தரத்தை எட்டியிருந்தன. சூசுவில் பாதி, வாஜிமாவில் பாதிக்கும் குறைவு. நேரடியாக இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். பின்னால் முகாம்களிலும் மாற்றிடங்களிலும் உடல் நலிந்து இறந்தவர்களின் எண்ணிக்கை அதையும் தாண்டியது.

இத்தனைக்கும் சூசுவில் மானியம் இருந்தது. இது என் வாதத்துக்கே இடிக்கிறது அல்லவா? இடிக்கிறது, ஆகவேதான் சொல்கிறேன். மானியம் அலுவலக அலமாரியில் விண்ணப்பப் படிவமாக இருந்தது. எண்பது வயதில், பிள்ளைகள் பெருநகரத்துக்குப் போய்விட்ட வீட்டில், ‘எனக்குப் பிறகு இங்கே யார் இருக்கப்போகிறார்கள்’ என்று எண்ணுபவர் தம் கைக்காசையும் போட்டு அந்தப் படிவத்தை நிரப்புவாரா? பணத்தை ஒதுக்குவது ஒரு வேலை. அதைச் சுவருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை. அந்த இரண்டாவது வேலையைச் செய்து காட்டிய ஊர் ஒன்று ஷிகோக்குத் தீவில் இருக்கிறது. கோச்சி மாகாணத்தில், நம் கேரளத்துக் கொச்சி அல்ல, குரோஷியோ என்ற கடலோரச் சிற்றூர். 34 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஆழிப்பேரலை வரக்கூடும் என்று அரசு 2012இல் கணித்துச் சொன்ன ஊர் அது. ஓடித் தப்ப வேண்டுமென்றால் முதலில் வீடு விழாமல் நிற்க வேண்டும். ஊராட்சி ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். கூரையையும் தரையையும் பெயர்க்காமல் செய்யும் மலிவான முறைகளை உள்ளூர்த் தச்சர்கள் கற்றார்கள். செலவு குறைந்ததால் மானியமே பெரும்பகுதியைத் தாங்கியது. முதியவரின் கைக்காசு சொற்பமாயிற்று. பலப்படுத்தும் வேலை ஆண்டுக்காண்டு பெருகியது. கோபேயின் செயற்கைத் தீவுகளைப் பார்க்க உலகமெங்கிலும் இருந்து பொறியாளர்கள் போனார்கள். இந்த அரங்கில் இருக்கும் பொறியியல் மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: நீங்கள் ஜப்பானுக்குப் போக வாய்த்தால், முதலில் குரோஷியோவுக்குப் போய், அந்தத் தச்சர்கள் எந்தச் சுவரில் எந்தத் தகட்டை அடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.